மடிப்பக்காவின் தரைக்கொடி

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் மடிப்பக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதை யாரும் எழுப்புவதில்லை. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சுடச்சுட வந்து விழும் படுக்கை விரிப்புகளை மூலைக்கு மூலை பிடித்து, ஒரு உதறு உதறி, முழங்கையால் தேய்த்து, மடித்து அடுக்கினாள் என்றால், அந்த அடுக்கில் ஒரு ஓரம்கூட வெளியே நீட்டிக்கொண்டு இருக்காது. வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. செய்தித்தாள், காலிப் பை, கைக்குட்டை, எது அகப்பட்டாலும் மடித்துவிடுவாள். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் மடியில் கிடந்த சால்வையை எடுத்து நாலாக மடித்து வைத்துவிட்டாள். கண் விழித்தவள் திருட்டு என்று நினைத்துக் கத்தப் போனதும், பிறகு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்ததும் தனிக் கதை.

நாளெல்லாம் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கண் பூத்துப் போகாது? வெள்ளை விரிப்பு, வெள்ளை உறை, வெள்ளைச் சுவர், தலைக்கு மேல் வெள்ளைக் குழல்விளக்கு. சரி, வீட்டுக்கு வந்து ஜன்னலைத் திறந்து கொஞ்சம் கண்ணார எதையாவது பார்க்கலாம் என்றால் அங்கே இருப்பது சேறு.

வீடு அண்ணனுடையது. அவர் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். மாடியில் அண்ணனும் அண்ணியும். கீழே முன்பக்கம் அண்ணனின் பழைய மோட்டார்களும் வயர்ச் சுருள்களும் நிரம்பிய அறை; பின்பக்கத்து அறையில் மடிப்பக்கா. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பெட்டியும் ஒரு தையலறுந்த பையுமாக அவள் வந்து இறங்கிய அறை அது. ஜன்னலுக்கு வெளியே நீளவாக்கில் ஒரு துண்டு நிலம். அந்தப் பக்கம் அடுத்த வீட்டின் உயரமான மதில், மதிலுக்கு மேல் குடை பிடித்தாற்போல் அவர்கள் வீட்டுப் பெரிய மரம். வெயில் என்பது அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. புல் போட்டுப் பார்த்தார்கள், வெளிறிச் செத்துப் போயிற்று. பூச்செடி வைத்தார்கள், அது வெயிலைத் தேடிக் கழுத்தை நீட்டி நீட்டி, நோஞ்சானாகி விழுந்தது. மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி. மாடிப்படிக்குப் போகிற வழியும் அதுதான் என்பதால் அந்தச் சேறு படியேறி அண்ணியின் கூடம் வரை போய்விடும்.

அண்ணியும் மடிப்பக்காவும் பேசிக்கொள்வதில்லை.

சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்தால்கூட ஒரு கணக்கு. இது அதுவும் இல்லை. மடிப்பக்கா வந்து சேர்ந்த புதிதில் அண்ணி யாரிடமோ போனில், "ஒரு ரூமே போச்சு" என்று சொன்னது படிக்குக் கீழே நின்ற இவள் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு வாயை மூடியவள்தான். ஏன் என்று சொல்லவும் இல்லை. அண்ணி இரண்டு மூன்று தடவை வலியப் பேசிப் பார்த்தாள், இவள் 'உம்' கொட்டினாள். அண்ணிக்கு மட்டும் ரோஷம் இருக்காதா? அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வருஷங்கள் ஓடிவிட்டன.

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் அண்ணன். "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, குழாயைச் சரியா மூடச் சொல்லுங்க" என்பாள் அண்ணி. "அண்ணா, நேத்தே மூடிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிடு" என்பாள் இவள். மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே இந்தக் கூத்து நடக்கும். பாவம், அவரும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, இரண்டு பேருக்கும் நன்றாகவே கேட்ட விஷயத்தை மறுபடி எடுத்துச் சொல்வார். சொல்லாவிட்டால் அதற்கும் திட்டு விழும்.

அப்படி அண்ணன் கொண்டுவந்த சேதிகளில் ஒன்றுதான் சிமெண்ட். மழை ஓய்ந்ததும் கொத்தனாரை வரச்சொல்லிப் பின்பக்கம் முழுக்கச் சிமெண்ட் பூசிவிடலாம், சேற்றை அள்ளி அள்ளி என் இடுப்பு ஒடிந்துவிட்டது என்று அண்ணி சொல்கிறாளாம். மடிப்பக்காவுக்குச் சுருக்கென்றது. அந்தச் சேறு ஒன்றும் அவள் சொத்து இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் அவளைக் கேட்டு எது நடந்திருக்கிறது? பூசிய வண்ணத்திலிருந்து மாற்றிய விளக்கு வரை எல்லாம் முடிவான பிறகுதான் அவளுக்குத் தெரியும். ஒண்ட வந்தவளிடம் யார் கேட்பார்கள் என்று அவளே தன் வாயை அடைத்துக்கொள்வாள். இந்த ஒரு முறை மட்டும் அடைக்க முடியவில்லை. மழை முடிவதற்குள் அங்கே பச்சை பிடிக்க வைத்துவிட்டால் சிமெண்ட் போடாமல் இருப்பீர்களா என்று அண்ணனிடம் கேட்டாள். அண்ணன் மாடிக்குப் போய்விட்டு வந்து, பிடிச்சா பார்க்கலாமாம் என்றார்.

சலவைக் கூடத்துக்குப் பின்னால், நீராவிக் கொதிகலனின் சுவரோரம், சூரியனே படாத ஒரு மூலையில் தரை தெரியாமல் பச்சை மூடியிருப்பதை அவள் தினமும் பார்ப்பாள். எந்தக் காலத்திலும் இலை உதிராது. கட்டையான, எண்ணெய் தடவினாற்போன்ற சின்ன இலை. ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் அதைத் தரைக்கொடி என்பார்; அதற்குப் பெரிய பெயர் வேறு இருக்கலாம், அவருக்கும் தெரியாது, அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை. கேட்டதும் ஒரு பை நிறைய வெட்டிக் கொடுத்தார். மண்ணைக் கொத்திவிட்டு, மக்கிய இலையைக் கலந்து, கொடியைப் படுக்க வைத்து, கணுவுக்குக் கணு மண்ணோடு அழுந்தும்படி செய்யுங்கள், கணு மண்ணைத் தொட்டால்தான் வேர் விடும், கொஞ்ச நாளைக்கு ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். முதலில் அது சும்மா கிடக்கிற மாதிரிதான் இருக்கும், கீழே வேலை நடக்கும், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார்.

கணு எங்கே சொன்ன பேச்சைக் கேட்கிறது? கையை எடுத்தால் கொடி எழுந்து நிற்கிறது. மடிப்பக்கா யோசித்தாள். விரிப்பின் மூலை மடங்காவிட்டால் அவள் விடுவாளா? உள்ளே போய்த் தன் கொண்டை ஊசி டப்பாவை எடுத்து வந்தாள். ஒவ்வொரு கணுவையும் ஒவ்வொரு கொண்டை ஊசியால் மண்ணோடு கவ்விப் பிடித்து அழுத்தினாள். டப்பா காலியானதும் கடைக்கு ஓடி இன்னும் வாங்கி வந்தாள். வேலை முடிந்தபோது அந்த நிலத்துக்கே தலைவாரிவிட்டது போல் இருந்தது. மாடிப் பால்கனியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போன சத்தம் கேட்டது. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

விடிவதற்கு முன்பே எழுந்து, வேலைக்குக் கிளம்புமுன் பூவாளியால் தண்ணீர் தெளிப்பாள். குழாயைச் சத்தமில்லாமல் திறப்பாள். தண்ணீரை வீணாக்குகிறாள் என்று ஒரு சேதி மாடியிலிருந்து இறங்கி வருவதற்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? கொடி பிடித்துக்கொண்டது. நுனியில் வெளிர்ப் பச்சையாகச் சின்னச் சின்ன இலை விட்டது. மடிப்பக்கா சலவைக் கூடத்தில் ஒருவரையும் விடாமல் பிடித்து நிறுத்தி அதைச் சொன்னாள்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அடி இலைகள் மஞ்சளாயின. தொட்டால் தண்டு கொழகொழவென்று கையோடு வந்தது. ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தோட்டக்காரரிடம் காட்டினாள். அவர் முகர்ந்து பார்த்தார்.

"தண்ணி ஜாஸ்திம்மா. வேர் அழுகிடுச்சு. நிழல்ல ஊத்தற தண்ணியை யாரு குடிப்பா? வெயிலும் குடிக்காது, காத்தும் குடிக்காது. விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க."

அன்றோடு பூவாளியைக் கவிழ்த்து வைத்தாள். தினமும் விரலை விட்டுப் பார்ப்பாள். மண் சொதசொதவென்றே இருந்தது. மழையும் ஓய்ந்துவிட்டது, பூவாளியையும் தொடவில்லை, ஆனாலும் ஈரம் காயவில்லை. குழாய் எங்காவது கசிகிறதோ என்று அண்ணனைப் பிடித்து நச்சரித்தாள். அவர் தரையில் படுத்து, டார்ச் அடித்து, குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு கசிவும் இல்லை என்றார். போகிற போக்கில், வெள்ளிக்கிழமை கொத்தனார் வருகிறார் என்றும் சொல்லிவைத்தார்.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. மாடியில் இருக்கிறாளே ஒருத்தி! சோப்புத் தண்ணீரையோ வேறு எதையோ கொட்டுகிறாள். கொடி செத்தால்தானே சிமெண்ட் போடலாம்! நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. ரூம் போச்சு என்று சொன்ன வாய்தானே, கை மட்டும் நல்லதா செய்யும்? விரிப்புகளை அவள் உதறிய உதறலில் அன்றைக்குச் சலவைக் கூடமே அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார்கள்.

அடுத்த நாள் உலர்த்தும் இயந்திரம் படுத்துவிட்டது. எல்லோரையும் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பினார்கள். மடிப்பக்கா தன் அறைக்குள் நுழைந்தபோது ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் விழும் சத்தம். வா, வா, இன்றைக்குக் கையும் களவுமாக மாட்டினாய் என்று ஜன்னல் கதவைத் திறக்கப் போனவள், பேச்சுக் குரல் கேட்டு இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

அண்ணி குந்தி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தையல் டேப், பக்கத்தில் வாளி, வாளியில் பளிங்கு மாதிரி நல்ல தண்ணீர். குவளையால் மொண்டு ஒவ்வொரு கொடிக்கும் மெதுவாக ஊற்றிக்கொண்டே அவற்றோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"வேலைக்குப் போறவளுக்கு உங்களைப் பாக்க எங்க நேரம்? ஊர்ப்பட்ட துணியை மடிச்சு மடிச்சு அவளே துவண்டு போய் வர்றா. ஊசி எல்லாம் குத்தி ஆசையா வச்சா, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த மறந்துட்டா. குடிங்க. மஞ்சளாகித் தொலைக்காதீங்க. அவ மனசு விட்டுப் போயிடும்."

மடிப்பக்கா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கேட்பதற்கென்று தயார் செய்து வைத்திருந்த வசவுகள் தொண்டையில் கரைந்து போயின. அவள் விடியலில் ஊற்றியதை அண்ணி பார்த்ததில்லை. அண்ணி மத்தியானம் ஊற்றியதை இவள் பார்த்ததில்லை. கொடி இரண்டு பேர் கையிலும் குடித்துக் குடித்துச் சாகிறது. இப்போது மஞ்சளைப் பார்த்த அண்ணி தாகம் என்று நினைத்து இன்னும் அதிகமாக ஊற்றுகிறாள். அவள் நிறுத்தினால் ஒழியக் கொடி பிழைக்காது.

அதை அவளிடம் யார் சொல்வது? அண்ணன் மூலமாகச் சொன்னால், ஒளிந்திருந்து பார்த்தாளா என்று அண்ணி கூசிப்போவாள். செய்த நல்லதுக்குத் திருட்டுப் பட்டம் கட்டின மாதிரி ஆகும்; அப்புறம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள். சொல்லாமல் விட்டால் வெள்ளிக்கிழமை அழுகல்தான் மிஞ்சும், கொத்தனார் பூசிவிட்டுப் போய்விடுவார். நேரில் போய்ச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் கட்டிக் காத்த மௌனத்தை முதலில் விடுகிறவள் தானாக இருக்க வேண்டும். இரண்டு விரிப்பு மடிக்கிற நேரம்கூட ஆகாத வேலை. அன்றைக்கு அவளுக்கு அது முடியவில்லை.

மறுநாள் லீவு போட்டாள். மத்தியானம் கொடிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். வாளியோடு இறங்கி வந்த அண்ணி கடைசிப் படியில் நின்றுவிட்டாள். திரும்பி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மடிப்பக்கா எதையெதையோ யோசித்து வைத்திருந்தாள், எல்லாம் மறந்துபோயிற்று.

"அண்ணி, தண்ணி போதும். வேர் அழுகுது."

அண்ணியின் முகம் சிவந்தது. வாளியை டங்கென்று வைத்தாள்.

"ஊத்தாம வாட விட்டா யாருக்குத்தான் மனசு கேக்கும்னு உங்க தங்கச்சிகிட்ட கேளுங்க!"

இரண்டு பேரும் பழக்க தோஷத்தில் அண்ணன் நிற்கும் பக்கம் திரும்பினார்கள். அங்கே அண்ணன் இல்லை. அவர் டிப்போவில் ஏதோ ஒரு பஸ்ஸுக்கு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். மதில்தான் இருந்தது.

அண்ணிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மடிப்பக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நானும் காலையில் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன் என்று அழுகையோடு அழுகையாகச் சொன்னாள். அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டு வந்து அந்த மடித்த சாக்கின் ஓரத்திலேயே உட்கார்ந்தாள். மாடியில் தையல் மிஷினில் உட்கார்ந்தபடி தினம் தினம் இந்தப் பச்சையைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துப்போயிற்று, சிமெண்ட்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டு இப்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றாள். பிறகு அவளே கேட்டாள்.

"எம்மேல உனக்கு என்ன கோபம்? இன்னிக்காவது சொல்லிடு."

"நான் வந்த புதுசுல போன்ல சொன்னீங்க. ஒரு ரூமே போச்சுன்னு."

அண்ணி இல்லை என்று சாதிக்கவில்லை. யோசித்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"சொல்லியிருப்பேன். தையல் மிஷின் போடணும்னு ஆசையா வச்சிருந்த ரூம். வயித்தெரிச்சல்ல சொன்னேன். அது அன்னியோட போச்சு. நீதான் அதை மடிச்சு பத்திரமா உள்ள வச்சிருக்கே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே மன்னிப்பு கேட்டிருப்பேனே."

இத்தனை வருஷமும் போய்விட்டதே என்று மடிப்பக்காவுக்கு வலித்தது. அண்ணிக்கு ஆபரேஷன் ஆனபோது இவள் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில், இவள் மடித்த விரிப்பில்தான் அண்ணி படுத்திருந்தாள். இவள் அண்ணி இருந்த அறையின் வாசல் வரை போய்விட்டுத் திரும்பியிருந்தாள். அதைச் சொன்னாள். தெரியும், விரிப்பைப் பார்த்தாலே தெரிந்தது என்றாள் அண்ணி.

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுகியதை எல்லாம் பிடுங்கினார்கள். முக்கால்வாசி போய்விட்டது. மதிலை ஒட்டி மேடாக இருந்த பக்கத்தில் கொஞ்சம் நன்றாக இருந்தது; வேர் வெள்ளையாக, கெட்டியாக மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. மண்ணைக் கிளறி ஆற விட்டார்கள். இனிமேல் யார் விரல் விட்டுப் பார்ப்பது, யார் ஊற்றுவது என்று பேசி, இரண்டும் அண்ணியின் பொறுப்பு என்று முடிவாயிற்று. விடியற்காலையில் எழுந்து பூனை மாதிரி குழாய் திறக்கிற வேலை இனி உனக்கு வேண்டாம் என்றாள் அண்ணி.

எல்லாம் சரி. இவ்வளவு நடந்ததை அண்ணனிடம் யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. இவ்வளவு காலமும் இவர்கள் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லும் அவர் காது வழியாகத்தான் போயிற்று. நேராகப் பேச ஆரம்பித்ததும் இரண்டு பேருமே அவரை மறந்துபோனார்கள். அவர் பாட்டுக்குக் கொத்தனாருக்கு நினைவுபடுத்திவிட்டு டிப்போவுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மடிப்பக்கா வேலை முடிந்து வந்தபோது வாசலில் மணல் கொட்டிக் கிடந்தது. சிமெண்ட் மூட்டை மேல் கொத்தனார் உட்கார்ந்திருந்தார். பின்பக்கம் ஓடிப் பார்த்தாள். கொடி இருந்தது, மண் இருந்தது, ஒரு கரண்டி சிமெண்ட்கூட விழவில்லை. கொத்தனார் பின்னாலேயே வந்தார். மத்தியானத்திலிருந்து காத்துக்கொண்டிருந்த கடுப்பு அவர் குரலில் இருந்தது.

"வீட்டுக்காரம்மா நீங்கதானே? மாடியில இருக்கறவங்களுக்கு சிமெண்ட் வேணாம்னுதான் தோணுதாம். ஆனா இது உங்க இடமாம், உங்களைக் கேக்காம கை வைக்கக் கூடாதாம். என்ன செய்யட்டும், சொல்லுங்க."

யாரைச் சொல்கிறார் என்று மடிப்பக்கா திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. தன்னைத்தான் சொல்கிறார் என்று புரிந்ததும் கண் நிறைந்துவிட்டது. வேண்டாம், மூட்டையைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். அவளோ, வாசலிலிருந்து மாடிப்படி வரை இரண்டு பேர் தாராளமாக நடக்கிற அகலத்துக்குச் சிமெண்ட் போடச் சொன்னாள், மற்றது மண்ணாகவே இருக்கட்டும் என்றாள். கொத்தனார் அப்பாடா என்று அளவு பார்க்க நூலைப் பிடித்தார்.

பால்கனியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"அவ்வளவு அகலம் எதுக்கு? அப்புறம் கொடி எங்க போய்ப் படரும்?"

"நீங்க துணி மூட்டையோட ஏறி இறங்க வேண்டாமா அண்ணி?"

"நான் என்ன யானையா? பாதி போதும்."

பாதி போட்டால் மழைக்கு மறுபடி சேறு ஏறும், மறுபடி உங்கள் இடுப்புதான் ஒடியும் என்றாள் இவள். ஒடிந்தால் என் இடுப்பு, உனக்கு என்ன என்றாள் அவள். நூலைத் தள்ளிப் பிடியுங்கள் என்றாள் ஒருத்தி, கூடாது என்றாள் இன்னொருத்தி. மேலேயும் கீழேயும் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. கொத்தனார் நூலை இந்தப் பக்கம் இழுத்தார், அந்தப் பக்கம் இழுத்தார், கடைசியில் கீழே போட்டுவிட்டார். அப்போதுதான் வேலை முடிந்து வந்த அண்ணன் சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடி வீட்டோரமாகவே அசையாமல் நின்றுகொண்டிருந்ததை அவர் பார்த்தார். நீங்களாவது வந்து ஒரு முடிவு சொல்லுங்கள் என்று போய் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

அண்ணன் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்க," என்றார். "ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்காங்க."